பார்வை நேராகப் போகும், குண்டு வளைந்து போகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்தப் பக்கத்தின் நடுவில், கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் மூன்று செய்திகள் இருந்தன. ரைபிளின் சைட்டை, அதாவது குறிபார்க்கும் அமைப்பை, ஒரு முறை சரிசெய்துவிட்டால் எந்தத் தூரத்திலும் குறி தப்பாதாம். குழலை விட்டதும் குண்டு தானாகச் சற்று மேலெழும்பி, அதன் பிறகே இறங்கத் தொடங்குமாம். லேசர் கருவி ஒன்றை வாங்கிவிட்டால் இந்த வேலையை வீட்டுக்குள்ளேயே முடித்துவிடலாமாம். மூன்றுமே தவறு. அதிலும் மூன்றாவது, ஆபத்தான தவறு.

ரைபிள் பயிற்சி கொடுத்தே தலை நரைத்தவன் நான். சுடுபவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர்கள் மூச்சை அடக்குவதையும் விசையை இழுப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் தொழில். பத்திரிகையில் கட்டம் கட்டி வந்ததைப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அதைப் பிறகு அவர்கள் மனத்திலிருந்து பிடுங்கும் வேலை என் தலையில் வந்து விழுகிறது. ஆகவே இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குண்டு மேலெழும்பும் கதை. குழலின் வாயை விட்ட அந்தக் கணத்திலிருந்தே குண்டு விழத் தொடங்கிவிடுகிறது. அதைத் தாங்கிப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. கையிலிருந்து நழுவிய கல் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கில் ஐந்து சென்டிமீட்டர் விழுகிறது என்றால், குண்டும் அதே நேரத்தில் குழலின் நீட்டுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ அதே ஐந்து சென்டிமீட்டர் விழுகிறது. எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் இதில் சலுகை கிடையாது. எறிபொருளின் பாதை வளைகோடு என்பதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே கலிலியோ கணக்கிட்டுக் காட்டிவிட்டார். காற்றின் தடை எவ்வளவு பெரியது என்பதை அடுத்த நூற்றாண்டில் பெஞ்சமின் ராபின்ஸ் அளந்து காட்டினார். இந்த 2 பேருக்குப் பிறகும் நாம் நேர்க்கோட்டுப் படம் வரைந்துகொண்டிருப்பது நியாயமில்லை.

பிறகு ஏன் மேலே போவதுபோலத் தோன்றுகிறது? சைட் குழலுக்கு மேலே இருக்கிறது. ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் தொலைநோக்கி பொருத்திய ரைபிளில் குழலின் மையத்துக்கும் ஸ்கோப்பின் மையத்துக்கும் இடையே நான்கு சென்டிமீட்டர் இருப்பது சாதாரணம். நம் பார்வைக் கோடு நேராக இலக்குக்குப் போகிறது. குண்டு விழும் அளவை ஈடுகட்டுவதற்காக, பார்வைக் கோட்டைவிடக் குழல் மிகச் சிறிய கோணத்தில் மேல்நோக்கி நிற்கும்படி சைட்டை அமைக்கிறோம். அதனால் குண்டு பார்வைக் கோட்டுக்குக் கீழே புறப்பட்டு, ஓரிடத்தில் அதைக் கடந்து மேலே போய், பிறகு இறங்கி வந்து இன்னோரிடத்தில் மறுபடி கடக்கிறது. அந்த 2 இடங்களில் மட்டும்தான் குறிவைத்த புள்ளியும் குண்டு படும் புள்ளியும் ஒன்று. மற்ற எந்தத் தூரத்திலும் அவை ஒன்றல்ல. சைட்டை ஒரு முறை சரிசெய்தால் போதும் என்ற வாக்கியம் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

எண்களாகச் சொல்கிறேன். போட்டிகளில் சுடும் சாதாரண வேக .22 தோட்டாவை (குண்டின் விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும் பெயர் அது) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குண்டு 2.6 கிராம் எடையில், நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில், அதாவது ஒலியின் வேகத்துக்குச் சற்றே கீழே புறப்படுகிறது. ஸ்கோப் நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, 50 மீட்டரில் துல்லியமாகச் சைட் வைத்தாகிவிட்டது, அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி சைட்டைச் சரிசெய்தாகிவிட்டது என்று கொள்வோம். இப்போது சைட்டைத் தொடாமல் 10 மீட்டரில் சுட்டால் குண்டு ஒரு சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமாகத் தாழ்வாகப் படும். 16 மீட்டர் அளவில் சரியாகப் படும். 25, 30 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாகப் படும். 50 மீட்டரில் மறுபடி சரி. 75 மீட்டரில் ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். 100 மீட்டரிலோ ஒரு சாணுக்கும் கொஞ்சம் மேலேயே இறங்கியிருக்கும். 50 மீட்டர் ரைபிள் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லை கிடையாது, அங்கே ரவை நேராகத்தான் போகிறது என்று சொல்பவர்களும் உண்டு. போட்டித் துப்பாக்கியின் ரவை நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. பத்து மீட்டரைக் கடப்பதற்குள் அது 17 மில்லிமீட்டர் விழுந்துவிடுகிறது. அந்த இலக்கின் கருவட்டம் முழுவதற்குமே விட்டம் 30.5 மில்லிமீட்டர்தான். ஈடுகட்டாமல் குழலை நேரே இலக்கின் மையத்துக்கு நீட்டிச் சுட்டால், ரவையின் மையம் கருவட்டத்துக்கு வெளியே கீழே போய்விடும். பத்துப் புள்ளிக்குரிய இடமோ அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டைத் தொடும் பிள்ளைகள் வாரந்தோறும் என் கண் முன்னால் இருக்கிறார்கள் என்றால், அவர்களுடைய பின் சைட் அந்தப் பத்து மீட்டருக்கென்றே அமைந்திருக்கிறது என்பதும் ஒரு காரணம்.

தூரம் இரட்டித்தால் விழும் அளவும் இரட்டிக்கும் என்று நினைப்பது அடுத்த மயக்கம். விழுவது நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. போதாததற்குக் காற்றின் தடையால் குண்டு போகப் போக மெதுவாகிறது. நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் புறப்படும் .308 ரைபிளை 100 மீட்டருக்குச் சைட் வைத்தால், 200 மீட்டரில் பன்னிரண்டு, பதினைந்து சென்டிமீட்டர் தாழும். 300 மீட்டரில் அரை மீட்டர் அளவுக்குப் போய்விடும். முதல் நூறு மீட்டர் கூடுதலுக்கும் இரண்டாவது நூறு மீட்டர் கூடுதலுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

இதைப் படைகள் எப்போதோ தெரிந்துகொண்டன, சில சமயம் கசப்பாக. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் கையில் இருந்த மாசர் 98 ரைபிளின் பின் சைட்டில் மிகக் குறைந்த அளவே 400 மீட்டர். எதிர்ப் பதுங்குகுழி அதைவிட மிக அருகில் இருந்தபோது, குறிவைத்த இடத்துக்கு மேலேதான் குண்டுகள் போகும். சிப்பாய் தாழ்த்திக் குறிவைக்கப் பழக வேண்டியிருந்தது. பிரிட்டிஷாரின் நான்காம் எண் லீ-என்ஃபீல்டு ரைபிள்கள் பலவற்றில், மடித்தால் ஒன்று, நிமிர்த்தினால் இன்னொன்று என 300, 600 கஜங்களுக்கு 2 துளைகள் வைத்த எளிய பின் சைட் இருந்தது. ஒரே அமைப்பு எல்லாவற்றுக்கும் போதுமானால், போர்க்கால அவசரத்தில் எதற்கு அந்த இரண்டாவது துளை?

ஆக, ரைபிளைச் சைட் வைக்க உட்காரும் முன் எழ வேண்டிய கேள்வி, எந்தத் தூரத்துக்கு என்பதுதான். 50 மீட்டர் போட்டியில் மட்டும் சுடுபவருக்குக் கவலையே இல்லை, 50 மீட்டருக்கு வைத்துவிட்டு மற்றதை மறந்துவிடலாம். பல தூரங்களில் உலோகப் பலகைகளைச் சுடும் போட்டியாளருக்கு 2 வழிகள் உண்டு. ஒவ்வொரு தூரத்துக்கும் ஸ்கோப்பின் குமிழை அந்தத் தூரத்துக்குரிய எண்ணுக்குத் திருப்பிக்கொள்வது ஒன்று. பலகையின் அளவைப் பார்த்து, குண்டு பார்வைக் கோட்டிலிருந்து அந்தப் பலகையின் பாதி உயரத்துக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் இருக்கும்படி ஒரு தூரத்தைத் தேர்ந்து சைட் வைத்து, அந்த எல்லைக்குள் நடுவிலேயே குறிவைத்துச் சுடுவது மற்றொன்று. முதல் வழி துல்லியமானது, ஆனால் குமிழைத் திருப்பியதை மறந்துவிட்டு அடுத்த பலகைக்குப் போவோர் ஏராளம். நான் புதியவர்களுக்கு இரண்டாவதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

25 மீட்டரில் சைட் வைத்தால் தொலைவுக்கும் சரியாகிவிடும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். எம்-16 ரைபிளை 25 மீட்டரில் சுட்டே 300 மீட்டருக்குச் சைட் வைக்கும் முறை அமெரிக்க ராணுவத்தில் உண்டு. நான் மேலே சொன்ன 2 கடவுப் புள்ளிகள் அந்த ரைபிளுக்கும் அந்தத் தோட்டாவுக்கும் ஏறத்தாழ அந்தத் தூரங்களில் விழுகின்றன, அவ்வளவுதான். அதையே .22 ரைபிளுக்குச் செய்தால் 50 மீட்டரில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேலும், 100 மீட்டரில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டரும் தாழும். அடுத்தவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து தெரியவில்லை என்று புலம்புவதுபோல இருக்கிறது இது.

25 மீட்டருக்குப் பயன் இல்லாமல் இல்லை. புதிதாக ஸ்கோப் பொருத்திய ரைபிளை நேராக 100 மீட்டரில் சுட்டால் குண்டு அட்டையிலேயே படாமல் போகலாம். எங்கே போனது என்று தெரியாமல் தோட்டாக்களை வீணாக்குவதைவிட, கிட்டே தொடங்கி ஓட்டையை அட்டைக்குள் கொண்டுவந்துவிட்டு, பிறகு உரிய தூரத்துக்குப் போவதுதான் முறை. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. 25 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் பிழை கண்ணுக்கே உறுத்தாது. அதே கோணப் பிழை 100 மீட்டரில் நான்கு சென்டிமீட்டர், 300 மீட்டரில் பன்னிரண்டு.

சைட்டைத் திருப்பும் வேலையில்தான் பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறுகிறார்கள். அண்மையில் ஒரு பையன் படுத்துக்கொண்டு சுடுகிறான். முதல் குண்டு வலப்பக்கம். உடனே குமிழை இடப்பக்கம் திருப்புகிறான். அடுத்தது இடப்பக்கம் விலகுகிறது. மறுபடி வலப்பக்கம் திருப்புகிறான். ஒரு பெட்டித் தோட்டா தீரும் தறுவாயில் எழுந்து, "சார், இந்த ஸ்கோப்பே சரியில்லை" என்கிறான். ஸ்கோப்பில் ஒரு குறையும் இல்லை. அவனுடைய கையும் மூச்சும் தோட்டாவும் சேர்ந்து, சைட்டை யாரும் தொடாவிட்டாலும், 50 மீட்டரில் மூன்று சென்டிமீட்டர் சிதறும். அந்தச் சிதறலில் ஓர் ஓரத்தில் விழுந்த ஒற்றைக் குண்டை நம்பிச் சைட்டை நகர்த்தினால், சிதறல் கூடுமே தவிரக் குறையாது. அவனை மறுபடி படுக்கவைத்து, ஒரே புள்ளியில் குறிவைத்து ஐந்து குண்டுகள் சுடச் சொன்னேன். எங்கே படுகிறது என்று பார்க்கவே விடவில்லை. பிறகு அட்டையை எடுத்து ஐந்து ஓட்டைகளுக்கும் நடுவே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தோம். அது மையத்துக்கு நான்கு சென்டிமீட்டர் கீழே, இரண்டு சென்டிமீட்டர் வலப்பக்கம் இருந்தது. நகர்த்த வேண்டிய அளவு அதுதான்.

எத்தனை க்ளிக்? குமிழ் ஒரு படி நகர்வதைத்தான் க்ளிக் என்கிறோம். இங்கே இன்னொரு குழி இருக்கிறது. ஒரு க்ளிக்குக்குக் கால் மினிட் (மினிட் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கோணம் நகரும் ஸ்கோப்பில் ஒரு க்ளிக் 100 மீட்டரில் 7.3 மில்லிமீட்டர் நகர்த்தும். குமிழின் மேல் அச்சாகியிருப்பதும் பெரும்பாலும் 100 கஜத்துக்கான அளவுதான். 50 மீட்டரில் அதே க்ளிக் பாதி, அதாவது 3.6 மில்லிமீட்டர். நான்கு சென்டிமீட்டர் ஏற்றப் பையன் ஐந்து க்ளிக் போட்டான். பதினொன்று போட வேண்டும். கோணம் மாறவில்லை, தூரம் குறைந்ததால் அது அட்டையில் உண்டாக்கும் நகர்வு குறைந்துவிட்டது. பத்தில் ஒரு மில் (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்த்தும் கோணம்) என்று குறித்த ஸ்கோப்பானால் கணக்கு இன்னும் சுலபம், 100 மீட்டரில் ஒரு க்ளிக்குக்கு ஒரு சென்டிமீட்டர்.

ஸ்கோப் இல்லாத ரைபிளில் பின் சைட்டை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முன் சைட்டை அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். எவ்வளவு என்பதற்கு எளிய விகிதம் உண்டு. இரு சைட்டுகளுக்கும் இடைப்பட்ட நீளத்தைப் பிழையால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். இடைநீளம் 70 சென்டிமீட்டர், தூரம் 50 மீட்டர், பிழை ஐந்து சென்டிமீட்டர் என்றால் நகர்த்த வேண்டியது வெறும் 0.7 மில்லிமீட்டர். முன் சைட்டைச் சுத்தியலால் ஓங்கித் தட்டுகிறவர்களிடம் இந்த எண்ணைக் காட்டியிருக்கிறேன். பிறகு மெதுவாகத் தட்டுகிறார்கள்.

கைப்பேசியில் தூரத்துக்கு இத்தனை க்ளிக் என்று கணக்கிட்டுத் தரும் செயலிகளை உங்கள் கட்டுரை பாராட்டியிருந்தது. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது தருவது தொடங்குமிடம் மட்டுமே. தோட்டாவின் வேகம், ஸ்கோப்பின் உயரம், வெப்பநிலை ஆகியவற்றில் ஒன்றைத் தப்பாக உள்ளிட்டாலும் அது தயங்காமல் தசமப் புள்ளியோடு பதில் சொல்லும். என் மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. 25, 50, 75, 100 என்று ஒவ்வொரு தூரத்திலும் உண்மையாகவே சுட்டு, எந்தத் தோட்டா, அதன் பெட்டியில் உள்ள தொகுதி எண் எது, குண்டு எங்கே பட்டது, எத்தனை க்ளிக் போட்டது என்று எழுதிவைக்கிறார்கள். செயலி சொன்னதும் நோட்டு சொல்வதும் வேறுபட்டால் நோட்டைத்தான் நம்ப வேண்டும்.

தொகுதி எண்வரை எதற்கு என்று கேட்பார்கள். சாதாரண வேக .22 தோட்டாவுக்குச் சைட் வைத்த ரைபிளில் அதிவேக .22 தோட்டாவைப் போட்டால், 50 மீட்டரில் கணக்கின்படியே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயரும். குழல் அதிரும் விதமும் மாறுவதால் பக்கவாட்டிலும் விலகலாம். ஒரே நிறுவனத்தின் ஒரே வகைத் தோட்டாவில்கூடத் தொகுதிக்குத் தொகுதி சிறு வேறுபாடு உண்டு. முன்னணி வீரர்கள் தங்கள் குழலுக்கு ஒத்துவரும் தொகுதியைச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்து மொத்தமாக வாங்குவது அதனால்தான்.

ரைபிளைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பத்து பாகை சாய்ந்தால், மேலே சொன்ன .22 ரைபிள் 50 மீட்டரில் சாய்ந்த பக்கமாக இரண்டு சென்டிமீட்டர் விலகும், 100 மீட்டரில் ஐந்து. சுடுபவருக்கு இது தெரியாது, பின்னால் நிற்பவருக்குத்தான் தெரியும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்திருந்தால் இதுவரை நான் எழுதிய எதற்கும் அர்த்தமில்லை, எனவே முதலில் திருகுகளைப் பாருங்கள். குழலை நேரடியாகக் கடினமான எதன் மீதும் சாய்க்க வேண்டாம். குழலோடு எதைச் சேர்த்தாலும் குண்டு படும் இடம் மாறும். ரஷ்யர்களின் மோசின்-நாகன்ட் ரைபிளைத் துப்பாக்கிக் கத்தி பொருத்திய நிலையில் சைட் வைத்தார்கள். கத்தியைக் கழற்றினால் குறி விலகியது.

இனி லேசர். தோட்டா வடிவிலான அந்தச் சிறு கருவியை ரைபிளின் தோட்டா அறையில் பொருத்தினால் குழல் எந்தத் திசையை நோக்குகிறது என்பதை ஒரு சிவப்புப் புள்ளி காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒளி விழுவதில்லை, குண்டு விழுகிறது. தோட்டாவின் வேகமோ, குழலின் அதிர்வோ, சுடுபவரின் பிடியோ லேசருக்குத் தெரியாது. முதல் குண்டு அட்டைக்குள் விழ உதவும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். சைட் வைத்தாகிவிட்டது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதைவிட முக்கியம், வீட்டுக்குள் என்ற சொல். சுடுதளத்தில் ஒருவர் ரைபிளைத் தொடும் முன் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) கழற்றி, தோட்டா அறையை மூடும் போல்ட்டைப் பின்னால் இழுத்து, தோட்டா அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். அருகில் இருப்பவரும் ஒரு முறை பார்ப்பார். குழல் எப்போதும் மண்மேடு இருக்கும் பக்கமே நோக்கியிருக்கும். வீட்டுக்குள் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? விளையாட்டுச் சாமானாகப் பலர் நினைக்கும் .22 குண்டு தடையின்றிப் போனால் ஒன்றரை கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழும். இலக்குக்குப் பின்னால் அதைத் தாங்கி நிறுத்த மண்மேடு இல்லாத இடத்தில் சைட் வைக்கக் கூடாது என்பது எங்கள் தளத்தில் முதல் நாள் சொல்லித்தரும் விதி.

மற்ற இரண்டு செய்திகளையும் உங்கள் வசதிப்படி எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள். லேசரைப் பற்றியதை மட்டும் வரும் ஞாயிறே, அதே பக்கத்தில், அதே கட்டத்தில் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரைபடம் போடுவதாக இருந்தால் ஓவியரை எங்கள் சுடுதளத்துக்கு அனுப்பிவையுங்கள், நான்கு தூரங்களில் சுட்ட அட்டைகளை எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ரைபிள் பயிற்சியாளர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)